சாட்சி எண் இரண்டு

நேற்று மாலை அக்கா போனில் சொன்னாள்:
"நாளைக்குப் பத்து மணிக்கு அரசரடி வந்துரு.
ரிஜிஸ்டர் ஆபீஸ். ஆதார் எடுத்துக்க.
உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

சரி என்று வைத்துவிட்டேன்.
பனியனை உதறிக் கொடியில் போடும்போதுதான் உறைத்தது.
உயிலில் பங்கு இருப்பவனைச்
சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள்.
கையெழுத்துப் போட்டால் பங்கு செல்லாது.
உனக்கு ஒன்றும் இல்லை என்பதை
ஆதார் அட்டை கேட்டுச்
சொல்லிவிட்டாள் அமலோற்பவம்.

ராத்திரி தூக்கமில்லை.
ஞானஒளிவுபுரம் வீட்டை அளந்துகொண்டு கிடந்தேன்.
கீழே இரண்டு போர்ஷன், மேலே ஒன்று,
படிக்கட்டுக்கு அடியில் தையல் கடை,
வாடகை மொத்தம் இருபத்து மூவாயிரம்.
கிழக்கே பொதுப்பாதை,
மேற்கே ஆரோக்கியசாமி வாத்தியார் மனை,
வடக்கே சந்து, தெற்கே மூடிய சாக்கடை.
கட்டியவளுக்குக்கூட இப்படி வரிசையாக வராது.
ஆசைப்பட்டவனுக்குத்தான்
நான்கெல்லையும் மனப்பாடம்.

வக்கீல் சின்னப் பெண். பெனிட்டா.
தலைக்கவசத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பேசினாள்.
வீடு ரோஸ்லின் பேருக்கு இல்லையாம்.
அறக்கட்டளை பேருக்கு, ரோஸ்லினுக்காக.
பார்த்துக்கொள்ள மூன்று பேர்:
இவள், மடத்து சிஸ்டர் ஒருத்தி,
மேல் போர்ஷன் மருந்துக் கடைக்காரர்.
விற்பதென்றால் மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்,
ஒத்துக்கொண்டாலும் கோர்ட்டில் கேட்க வேண்டும்.
இத்தனை பூட்டு எதற்கு என்று
நான் கேட்கவில்லை.
திருடன் பூட்டுக்கு விளக்கம் கேட்பதில்லை.

ரோஸ்லினும் வந்திருந்தாள். முப்பத்தொரு வயது.
ஐந்நூறு தாளையும் பத்து ரூபாய்க் காசையும் நீட்டினால்
காசைத்தான் எடுப்பாள், அது மின்னும்.
ஆனால் தன் பெயரை எழுதுவாள்,
கோடு தாண்டாமல், சுழி சுழியாக.
நாலு வருஷம் கைபிடித்துப் பழக்கினாள் அக்கா.
யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எழுதுவாள்.
அதை நினைத்துத்தான் அக்காவுக்கு
இப்போது தூக்கம் போனது.

அக்காவுக்குத் தெரியும் அது எப்படி என்று.
இரண்டாயிரத்து ஒன்பது. நைட் டியூட்டி.
வார்டு வாசலில் நான் நீட்டிய வெற்றுத்தாளைச்
சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஊசி போட உள்ளே ஓடினாள்.
சமயநல்லூர் மனை அப்படிப் போனது.
சீட்டுக் கம்பெனி அதற்கடுத்த தையில் மூடியது.
ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள்.
கேட்டிருந்தால்
இந்நேரம் சண்டை போட்டு முடித்திருப்போம்.

"நீங்க படிக்க வேண்டியதில்லை சார்,
அம்மா கையெழுத்துப் போடுறதப் பாத்தாப் போதும்"
என்றாள் பெனிட்டா.

பார்த்தேன்.
அ போடும்போது விரல் நடுங்கியது.
லோவுக்குக் கொம்பு வைக்க மறந்து
திரும்பி வந்து வைத்தாள்.
கடைசிப் புள்ளியை அழுத்திக் குத்தினாள்.
அவள் எழுதுவதை நான் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.
அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் சாட்சி மருத்துவர். இரண்டாவது நான்.
கேமராவுக்கு முகம், கருவிக்குக் கட்டைவிரல்.
"உறவு?" என்றார் குமாஸ்தா, நிமிராமல்.
"தம்பி" என்றேன்.
நிமிர்ந்தார்.

ரோஸ்லினுக்கும் பேனா வேண்டுமாம்.
அடம்பிடித்து, டோக்கன் சீட்டின் வெள்ளைப் பக்கத்தில்
அடியில், ஓரமாக, தன் பெயரை எழுதினாள்.
மேலே முழுக்க இடம் காலி.
"மாமா, இந்தா" என்று நீட்டினாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தாள்.

வாங்கினேன்.
மடிக்காமல் அக்காவிடம் கொடுத்தேன்.
பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வெளியே வெயில்.
ரோஸ்லினை ஆட்டோவில் ஏற்றிவிட்டு,
"பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காடா?" என்றாள்.

இருந்தது.
இல்லை என்றேன்.
கொடுத்தாள்.